தம்பிக்குப் போட்ட இலை

எங்கள் பரம்பரைக்கு ஒஸ்லோவில் ஓர் ஒன்றியம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. நான் அதை வாய் நிறையத் திட்டியிருக்கிறேன். ஆனாலும் அதன் படையலுக்கு ஒரு வருடம்கூடப் போகாமல் இருந்ததில்லை. அது என்ன குணமோ, எனக்கே விளங்கவில்லை.

ஒரே ஒரு மனிதரின் வழி வந்தவர்கள்தான் அதில் சேரலாம். அவர் எங்கள் ஊரில் புகையிலை வியாபாரம் செய்தவர், என் அப்பாவின் பாட்டனாருக்குத் தகப்பன். ஒரு கிணறு வெட்டினார், கிணற்றடியில் ஒரு வைரவரை வைத்தார், இரண்டு கலியாணம் செய்தார், பிறகு செத்துப் போனார். அவ்வளவுதான் தெரியும். படம்கூடக் கிடையாது. நாங்கள் அவரை 'மூத்தவர்' என்போம். அவருடைய கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டினார்கள், பேர்கனில் ஆசுப்பத்திரி கழுவினார்கள், கடைசியில் பாதிப் பேருக்கு மேல் ஒஸ்லோவின் ரொம்மன் பக்கத்து அடுக்குமாடிகளில் வந்து குவிந்தார்கள். என் கணவரும் பாட்ஸ்பியோர்ட் மீன்காரர்தான். ஆனால் அவர் வேறு பரம்பரை. அதனால் ஒன்றியத்தில் அவருக்குச் சாப்பாடு உண்டு, வாய் கிடையாது.

ஒன்றியத்தைத் தொடங்கியவர் பெரியப்பா, என் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கடிதத்தைப் பிரித்துப் பழகின கை சும்மா இருக்குமா? ஆட்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். யார் மூத்த தாரத்து வழி, யார் இளைய தாரத்து வழி, யார் யாருக்கு மச்சாள், யார் யாருக்குத் தங்கச்சி முறை என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது. ரொம்மன் பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் இரண்டு வீட்டுக்கும் போன் எடுத்து, "அண்ணன் தங்கச்சி முறை, நிப்பாட்டுங்கோ" என்று சொல்லி ஒரே மாலையில் காதலை முடித்துவைத்தவர் அவர். அந்தப் பெட்டை எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாளோ, அதைப் பற்றி ஒன்றியத்தின் நோக்கங்களில் ஒன்றும் இல்லை.

நோக்கங்களைக் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று வாசிப்பார். 'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்று எழுதின துணி பின்னால் தொங்கும். ஊரில் கிணற்றையும் வைரவரையும் பராமரிப்பது, பிள்ளைகளுக்கு முறை சொல்லிக் கொடுப்பது, உலகத்தின் எந்த மூலையில் நம்மவர் செத்தாலும் துடக்கு என்று எல்லா வீட்டுக்கும் அறிவிப்பது. கனடாவில் ஒருவர் கண்ணை மூடினால், நாங்கள் ஒஸ்லோவில் கோயிலுக்குப் போக முடியாது. இவையெல்லாம் பிறகுதான். முதல் நோக்கம் வேறு. அதை வாசிக்கும்போது பெரியப்பாவின் குரல் தாழ்ந்துவிடும். "எங்கடை ஆக்களிலை செத்தவை ஒருத்தரும் பசியோடை இருக்கக் கூடாது."

அதற்காகத்தான் தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை படையல். மீனும் இறைச்சியுமாக, மச்சப் படையல். செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. அந்தந்தவருக்குப் பிடித்த கறியை அந்தந்த வீட்டார்தான் காய்ச்ச வேண்டும். ருசி பார்க்காமல் காய்ச்ச வேண்டும், ஏனென்றால் உயிருள்ள வாய் முதலில் பட்டுவிட்டால் அது எச்சில். எல்லாவற்றையும் பரிமாறிப்போட்டு அறையைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். அவர்கள் வந்து சாப்பிடும் மட்டும் ஒருவரும் கதைக்கக் கூடாது, அசையக் கூடாது. பிறகு பெரியப்பா கதவில் தட்டி, கையைத் தட்டி, செருமி, திறப்பார். ஊரில் வீட்டுக்கு வீடு செய்ததுதான். இங்கே ஒரு மண்டபத்தில் மொத்தமாகச் செய்தோம்.

என் மகளுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. "அம்மா, இது ஸ்குமெல்ட்" என்பாள். பேய்ப்படம் பார்த்தாலும் அதே சொல்லைத்தான் சொல்வாள். "ஏன், செத்தவை எல்லாம் உன்ரை ஆக்கள்தானே, உனக்கென்ன பயம்?" என்று நான் அதட்டுவேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தம்பி ஊரில் காணாமல் போனவன். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வாறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். காற்றடித்தானா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை. கேட்காத இடம் இல்லை, எழுதாத ஆள் இல்லை. சாப்பாட்டில் அவன் ஒரு விசித்திரம். உறைப்பு ஆகாது. ஆனால் நண்டுக்கறி என்றால் உயிர். ஒரு வாய் சோறு, ஒரு மிடறு தண்ணீர், திரும்ப ஒரு வாய், ஒரு மிடறு. பந்தியில் பக்கத்து ஆளின் தண்ணீரையும் எடுத்துக் குடித்துவிடுவான். அம்மா அவனுக்கென்று தனிச்சட்டியில், மிளகாய்த்தூளைக் கிள்ளிப் போட்டு, தேங்காயின் முதற்பாலை அள்ளி ஊற்றி, நண்டு காய்ச்சுவா. சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடிக்காமல் எழும்பி ஓடுவான். அம்மா திட்டிக்கொண்டே மடித்து எடுப்பா.

அவன் போன நாளிலிருந்து அம்மா மச்சம் தொடுவதில்லை. "அவன் வரட்டும், அவனோடை இருந்து சாப்பிடுறன்." நான் அம்மாவை ஒஸ்லோவுக்குக் கூப்பிட்ட பிறகும் அதே கதைதான். மீன் கொட்டிக்கிடக்கிற நாட்டில் அவ பருப்பும் சோறும் சாப்பிட்டா.

மண்டபச் சுவரில் பெரியப்பா ஒட்டுகிற வம்சக் கடதாசியில் உயிரோடு இருப்பவர்களின் பெயர் பச்சை மையில் இருக்கும். செத்தவர்களுடையது கறுப்பு. தம்பியுடைய பெயர் மட்டும் பென்சிலால். அம்மா போவதும் வருவதுமாய் அதைத்தான் பார்ப்பா. பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு போனால், "அத்தான், அதை ஒருக்கா வடிவா எழுதிவிடுங்கோ" என்று பெரியப்பாவிடம் சொல்லுவா.

ஊரில் சண்டை நின்று, சமாதானக் காலம் வந்தது. ஊருக்குப் போகிற பாதையைத் திறந்தார்கள். கனபேர் ஊருக்குப் போய்வந்தார்கள். செத்துப்போனார் என்று நினைத்த ஒருவர் உயிரோடு வந்து நின்ற கதைகளும் வந்தன. போன் அடிக்கும் போதெல்லாம் அம்மா எழும்பி நிற்பா. பேசி முடித்து நான் வைக்கும் மட்டும் நின்றுகொண்டே இருப்பா. எங்கள் வீட்டுக்கு அப்படியொரு கதை வரவில்லை.

அந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு பெரியப்பா போன் எடுத்தார்.

"பிள்ளை, கோவிக்கக் கூடாது. இந்த முறை தம்பிக்கும் ஒரு இலை போடுவம்."

எனக்குத் தலையில் ஏறிவிட்டது. "என்ன பெரியப்பா கதைக்கிறியள்? ஆர் சொன்னது அவன் செத்துப்போனான் எண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு." அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "பாதை திறந்திட்டுது. இருந்தால் ஒரு சொல்லு வந்திருக்கும். இல்லாதவன் எண்டால் யோசிச்சுப் பார். வருசா வருசம் நாங்கள் எல்லாருக்கும் போடுறம். எல்லாரும் வருகினம், இருக்கினம், சாப்பிடுகினம். அவன் மட்டும் வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறான். தனக்கு இலை இல்லை எண்டு திரும்பிப் போறான். அது எங்கடை பாவமில்லையோ?"

போன் கம்பியைச் சுற்றிக்கொண்டு நின்றேன். அதற்கு முன் ஒருநாளும் நான் அப்படி நினைத்ததில்லை. அதன் பிறகு அதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. வேலை செய்த முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போகும்போதுகூட, கதவுகளின் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் விட முடியாதே. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. கை நிற்கவில்லை.

"உயிரோடை இருக்கிறவனுக்கு இலை போட்டா, அண்டோடை அவன்ரை சோறு முடிஞ்சுது. நாங்களே அவனைக் கொல்லுறதோ?"

"அப்பிடியெண்டா வேண்டாம் எண்டு சொல்லட்டோ?"

"சொல்லு."

சொன்னேன். பெரியப்பா கேட்கவில்லை. ஒன்றியத்தின் விதிப்படி இலை விஷயத்தில் தலைவர் சொல்வதுதான் முடிவு, அதுவும் தாய்க்கு அதில் பேச்சில்லை, ஏனென்றால் அம்மா வெளியிலிருந்து கட்டிவந்தவ, மூத்தவரின் இரத்தம் இல்லை. பெத்தவளுக்கு உரிமை இல்லை, தபால் பிரித்தவருக்கு உரிமை இருக்கிறது! கண்டறியாத ஒன்றியமும் அதின்ரை விதியும் என்று நான் கத்தினேன். அவர் அமைதியாக, "நண்டை உங்கடை வீட்டிலை காய்ச்சேலாது எண்டா பெரியம்மா காய்ச்சுவா" என்றார். பெரியம்மாவின் கை எங்கள் பரம்பரையிலேயே பேர்போன உறைப்புக் கை. அவவின் கறியைச் சாப்பிட்டவன் காதால் புகை விடுவான்.

படையல் நாளன்று அம்மா வரமாட்டா என்று நினைத்தேன். ஆனால் எனக்கு முன்னமே சீலை கட்டி, மேலே குளிர் ஜக்கெட் போட்டு, சப்பாத்தும் மாட்டிக்கொண்டு நின்றா. எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

மண்டபம் ரொம்மனில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருந்தது. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. கடையில் வாங்கின வாழையிலைகள் உறைந்து, ஓரம் கறுத்துக் கிடந்தன. அவற்றை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, நிலத்தில் விரித்த வெள்ளைத் துணியில் வரிசையாகப் போட்டார்கள். ஒவ்வோர் இலைக்கும் ஒரு டம்ளர் தண்ணீர். மூத்தவரின் இலையில் ஒரு சுருட்டு, பற்றவைக்காமல். முன்பொருமுறை பற்றவைத்து, சாம்பிராணியும் போட்டு, தீயணைப்புக்காரர் வந்து இறங்கிவிட்டார்கள். கோடரியும் கையுமாக நின்ற அந்த வெள்ளைக்காரருக்கு, இத்தனை இலையில் சாப்பாடு இருக்க ஒருவரும் சாப்பிடாமல் ஏன் வெளியே நிற்கிறோம் என்று யாராலும் விளங்கப்படுத்த முடியவில்லை. அன்றிலிருந்து புகை கிடையாது.

கடைசி இலையைப் பெரியப்பா தன் கையால் போட்டார். வரிசையின் முடிவில், குசினிக்குப் போகும் கதவுக்குக் கிட்ட. பெரியம்மாவின் நண்டுக்கறி செக்கச் செவேலென்று எண்ணெய் மிதந்தது. பெரியப்பா ஒரு பூவை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"மச்சாள், ஒரு பூ வையுங்கோ."

"நான் ஏன் அத்தான் வைக்க?" என்றா அம்மா. "நான்தான் உங்கடை ஒன்றியத்திலை இல்லையே."

பெரியப்பா பூவைத் தானே வைத்தார். தண்ணீர் டம்ளரை இலைக்கு இன்னும் கிட்ட நகர்த்திவிட்டார். அந்த நேரம் அவர்மீது எனக்கிருந்த கோபம் கொஞ்சம் வடிந்துபோனது உண்மை.

எல்லோரும் வெளியே வந்தோம். நடையில் ஒரு சுவர் முழுக்க ஜக்கெட் கொழுவுகிற கொக்கிகள். மறுமுனையில் குசினி. அந்த நடை விளக்கு சுவரில் பொத்தானை அமத்தினால் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணைகிற வகை. கதவைச் சாத்தின சிறிது நேரத்தில் அது அணைந்தது. பின்னேரம்தான், ஆனால் அந்த மாதத்தில் இங்கே பின்னேரம் என்பது இருட்டுத்தான். திரும்பப் பொத்தானை அமத்த ஒருவரும் அசையவில்லை. ஒரு பரம்பரை முழுக்க, பிள்ளை குட்டிகளோடு, இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். மகள் என் இடுப்பைக் கட்டிப்பிடித்திருந்தாள். நான் மறு கையால் அம்மாவின் ஜக்கெட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது உள்ளே சத்தம் கேட்டது. டம்ளரை நிலத்தில் வைக்கிற சத்தம், ணங் என்று. தண்ணீர் குடித்துவிட்டு வைப்பதுபோல.

எங்கோ ஒரு குழந்தை சிணுங்கி, அதன் வாயை யாரோ பொத்தினார்கள். அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தேன். ஜக்கெட்டுக்குள் கை இருப்பதாகவே தெரியவில்லை, அவ்வளவு தடித்த ஜக்கெட் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியாது. எனக்கு ஒரு யுகம்.

பெரியப்பா கதவைத் தட்டினார். கையைத் தட்டினார். செருமினார். பிறகு யாரோ பொத்தானை அமத்த, வெளிச்சம் வந்தது. என் கையில் இருந்தது கொக்கியில் தொங்கிய வெறும் ஜக்கெட்டின் கை. அம்மா அதற்குள் இல்லை. நான் வாயைத் திறக்கு முன், அவ குசினிப் பக்கத்திலிருந்து வந்து, சீலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு, என் பக்கத்தில் நின்றா. எல்லோருடைய கண்ணும் திறக்கிற கதவில் இருந்ததால், அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

உள்ளே எல்லா இலைகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. சோறு குலையவில்லை. சுருட்டு அசையவில்லை. கடைசி இலை மட்டும் மடித்துக் கிடந்தது. பக்கத்தில் வெறும் டம்ளர்.

பெரியப்பா முழங்காலில் விழுந்து மெல்ல இலையைத் திறந்தார். ஒரு பருக்கை சோறு இல்லை. நண்டுக் கோதுகள் மட்டும், உறிஞ்சி எடுத்த கோதுகள்.

"வந்திட்டான்," என்றார். அந்த மனிதர் அழுது நான் ஒருநாளும் கண்டதில்லை. பிள்ளைபோல அழுதார். "பசியோடை வந்திருக்கிறான். ஐயோ, இவ்வளவு காலமும் பசியோடை விட்டிட்டமே!"

அவ்வளவுதான், மண்டபமே அழுதது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. உயிருள்ளவன் அடைத்த அறைக்குள் வருவானா? வந்து சாப்பிட்டான் என்றால் அவன் செத்தவன். பெரியப்பா எழும்பிப் போய், சுவரில் இருந்த கடதாசியில் பென்சில் பெயரின் மேல் கறுப்பு மையால் எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றா. ஒரு சொல் சொல்லவில்லை, ஒரு துளி கண்ணீர் விடவில்லை.

எனக்கோ உள்ளுக்குள் கொதித்தது. இலை ஏன் வெறுமையாய்க் கிடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டதே! அம்மாதான் இருட்டில் குசினி வழியாகப் போய்ச் சாப்பிட்டிருக்கிறா. உயிருள்ள வாய் பட்டால் அது படையல் இல்லை, எச்சில். தம்பிக்கு இலை போட்டதாகவே ஆகாது. அதைத்தான் அம்மா கணக்குப் பண்ணியிருக்க வேண்டும். ஆனால் நடந்தது என்ன? மகனைச் சாகவிடக் கூடாது என்று அவ செய்த வேலையே, அவன் செத்துவிட்டான் என்று ஊருக்குச் சாட்சி சொல்லிவிட்டது. இப்போது அதை மாற்ற வேண்டும் என்றால், நான்தான் சாப்பிட்டேன் என்று அவ வாய் திறக்க வேண்டும். அவ ஏன் திறக்கவில்லை? பெத்த மனம் பித்து என்பார்கள். பித்து இவ்வளவு அமைதியாக இருக்குமா?

வீட்டுக்குப் போகும் வழியில், காரின் பின் இருக்கையில், அம்மாவின் வலது கையை எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். நண்டு மணத்தது. அம்மா கையை இழுத்துக்கொண்டா. முன்னால் கணவரும் மகளும் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே கை கழுவப் போனா. நான் பின்னாலேயே போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினேன்.

"என்னம்மா செய்து வைச்சிருக்கிறியள்? விசரோ உங்களுக்கு? எல்லாரும் அவன் செத்திட்டான் எண்டு முடிவு கட்டிட்டினம். கறுப்பு மையாலை எழுதியாச்சு. நான்தான் சாப்பிட்டனான் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? இப்பவே பெரியப்பாவுக்குப் போன் எடுத்துச் சொல்லப் போறன்."

"நான் சாப்பிடேல்லை."

"பொய் சொல்லாதேங்கோ. கை மணக்குது."

அம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டினா. துவாயை எடுக்கவில்லை. கையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நின்றா.

"சாப்பிடத்தான் போனனான். எச்சில்படுத்திப் போட்டா அது இலை இல்லை எண்டு நினைச்சன். உங்களோடை இருட்டிலை நிண்டு, போவமோ விடுவமோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான். அப்பத்தான் அந்த டம்ளர்ச் சத்தம் கேட்டது."

"அது நீங்கள் இல்லையோ?"

"நானும் உன்னோடை நிண்டுதானே பிள்ளை கேட்டனான். சத்தம் கேட்டுத்தான் ஜக்கெட்டைக் கழட்டிக் கொழுவிப்போட்டு, சத்தம் போடாமல் நடந்து போனனான். போய்ப் பாத்தால் இலை வெறுமையாக் கிடந்தது. தண்ணியும் இல்லை. ஒரு சொட்டு இல்லை."

என் வாய் ஏதோ காரணம் தேடியது. குசினியின் வெளிக்கதவு பூட்டாமல்தான் கிடந்தது, அதனால் யாராவது வந்திருக்கலாம் என்றேன். யாரோ ஒருவன் வந்து சாப்பிட்டிருக்கலாம், பசித்தவன், கள்ளன், யாராவது. சொல்லும்போதே என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

"இலையை மடிக்காமல் போயிட்டான்," என்றா அம்மா. "எப்பவும்போலை. நான்தான் மடிச்சு வைச்சனான். மடிக்கேக்கை விரலிலை குழம்பு பட்டது. நாக்கிலை வைச்சுப் பாத்தன்." அதைச் சொன்னபோதுதான் அவவின் முகம் உடைந்தது. "என்ன உறைப்படி அது! பிள்ளை எப்பிடித் திண்டானோ. கண்ணீர் விட்டுக்கொண்டு திண்டிருப்பான். ஒரு டம்ளர் தண்ணிதான் வைச்சிருந்தவை."

அம்மா கழிப்பறை மூடியில் உட்கார்ந்து அழுதா. தம்பி போன நாளிலிருந்து நான் பார்த்திராத அழுகை. நானும் நிலத்தில் உட்கார்ந்து, அவவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெரியப்பாவுக்கு நான் போன் எடுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்குக் காத்தோம்.

அது யார் என்று நான் இன்றுவரைக்கும் யோசிக்கிறேன். பகலில், வேலைத்தலத்தில், மனிதர்கள் நடுவில் இருக்கும்போது, யாரோ குளிருக்கு ஒதுங்கினவன் என்று என்னால் நம்ப முடிகிறது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது நம்ப முடிவதில்லை. ஆனால் என்னுடைய நம்பிக்கையை யார் கேட்டார்கள்?

அடுத்த தையில் பெரியப்பா போன் எடுத்தார். போன் அடித்தபோது அம்மா எழும்பி நிற்கவில்லை. அவர் என்னோடு கதைக்கத் தொடங்க, அம்மா கையை நீட்டிப் போனை வாங்கினா.

"ஓம் அத்தான். போடுங்கோ. தண்ணி ரெண்டு டம்ளர் வைக்கச் சொல்லுங்கோ." பிறகு சொன்னா: "நண்டு காய்ச்ச வேண்டாம் எண்டு உங்கடை வீட்டிலை அக்காவுக்குச் சொல்லுங்கோ. அது எங்கடை வீட்டுக் கறி. நான் காய்ச்சுறன்."

ஞாயிறு காலை எழும்பி வந்தபோது வீடு முழுக்க நண்டு மணம். அடுப்பில் சின்னச் சட்டி ஒன்று, ஒருவருக்கு மட்டும் அளவானது. அம்மா முதற்பாலை ஊற்றிக்கொண்டு நின்றா. குழம்பு மஞ்சளாக, சாதுவாகக் கொதித்தது. நான் பழக்கதோஷத்தில் கரண்டியை எடுத்தேன்.

"வை அதை," என்றா அம்மா. "படையலுக்குக் காய்ச்சுறதை ருசி பாக்கக் கூடாது."

"உப்பு, உறைப்பு சரியோ எண்டு பாக்கத் தேவையில்லையோ?"

"தேவையில்லை. அவனுக்கு எவ்வளவு எண்டு எனக்குத் தெரியும்."